பம்பைத் திறக்கட்டுமா, மச்சான்?

மூலக்குளம், புதுச்சேரி
12.1.2004

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

செல்வகுமார் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் இங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட வேண்டாம். நான், உங்கள் தங்கை அஞ்சலாட்சி, மகள் சரிதா மூவரும் சுகம். துலூஸில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் தங்கையிடம் அரை மணி நேரம் பேசுகிறீர்கள். பிறகு ரிசீவர் என் கைக்கு வரும். "நல்லா இருக்கீங்களா மாப்ள?" "நல்லா இருக்கேன் மச்சான்." அத்தோடு சரி. இப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது. இந்த விஷயத்தைப் போனில் கேட்கத் துணிச்சல் வராததால் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உங்கள் பெஜோ கார்.

போன வாரம் ஒயிட் டவுனில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் வந்து கொட்டகையில் நிற்கிற காரைப் பார்த்தார். அவருக்கு இன்ஜின் வேண்டாமாம், கார் ஓடவும் வேண்டாமாம். ஓட்டல் முற்றத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, உள்ளே மண்ணைக் கொட்டிச் செடி வைப்பாராம். "ஃபாரினர்ஸ் போட்டோ எடுப்பாங்க சார்" என்றார். அஞ்சலாட்சியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. வாராவாரம் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, எலி நுழையாமல் பதினேழு வருஷம் பார்த்துக்கொண்டது பூந்தொட்டிக்காகவா என்று தோன்றியது.

மெக்கானிக்குகள் மூன்று பேரைக் கூட்டி வந்து காட்டினேன். மூன்று பேரும் ஒரே பாட்டு. "இந்த இன்ஜெக்‌ஷன தூக்கிக் கடாசுங்க சார். அம்பாசடர் கார்புரேட்டர் ஒண்ணு மாட்டினா ஓடிடும்." ஓடும்தான். ஆனால் டிக்கியின் மேல் 'இன்ஜெக்‌ஷன்' என்று வெள்ளி எழுத்தில் இருப்பதை என்ன செய்வது?

டீசல் பம்பு கடை சிராஜுதீன் பாய் மட்டும் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தார். "குமாரு, பெட்ரோல இன்ஜினுக்குள்ள பீச்சுற இந்த பம்பு எங்க டீசல் பம்புக்குப் பங்காளிதான். உள்ள பிஸ்டன் மாதிரி நாலு பிளஞ்சர் இருக்கும், எல்லாம் இறுகிக் கெடக்குது. தொறந்து ஊறப்போட்டா வந்தாலும் வரும். பெட்ரோலுக்கு இந்த மாதிரி பம்பு நான் தொட்டதில்ல, தொட மாட்டேன். உனக்குப் பொறுமையான கை. நீ செய்யி" என்றார்.

1982இல் லீவில் வந்தபோது எனக்கு ஒரு மைக்ரோமீட்டர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அதைக் கையில் பிடிக்கத் தெரிந்ததால்தான் சேதராப்பட்டு கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை கிடைத்தது. இருபது வருஷமாக மைக்ரானில்தான் சோறு தின்கிறேன். அந்த நன்றியை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். ஒரு பிளஞ்சர் உடைந்தாலும் இந்த ஊரில் மாற்றுக் கிடையாது என்று தெரியும். கார் உங்களுடையது. பம்பை நானே திறக்கட்டுமா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்வகுமார்

பி.கு: அஞ்சலாட்சி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாளாம். யார் வந்தாலும் கொடுத்தனுப்புவாளாம்.


துலூஸ்
3.2.2004

பிரியமுள்ள மாப்பிள்ளை செல்வகுமாருக்கு,

கண்ணையன் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. கார்புரேட்டர் மாட்டாமல் நிறுத்தியதற்கும், செடி வைக்க விடாமல் காப்பாற்றியதற்கும் மெத்த நன்றி. அந்த ஓட்டல்காரர் என் கண்ணில் படாதது அவர் செய்த புண்ணியம்.

ஆனால் பம்பைத் திறக்க வேண்டாம்.

இதைக் கோபமாக எழுதவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தபோது வொர்க்‌ஷாப்பில் இருபது வருஷம் வண்டி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த நாலு பிளஞ்சர்களும் அதனதன் உறையோடு சேர்த்தே கடைந்தவை. ஒன்றின் உறைக்குள் இன்னொன்று போகாது. இடையில் இருக்கும் இடைவெளி தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு. கொஞ்சம் கீறல் விழுந்தாலும் தீர்ந்தது.

போர்தோவுக்குப் பக்கத்தில் இந்தப் பம்பை மட்டுமே பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். நீங்கள் பம்பைத் திறக்காமல் முழுசாகக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். 1987இல் நான் இங்கே திரும்பும்போது, காரை எப்படி நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் உள்ளதை அப்படியே செய்திருந்தால் பம்பு இறுகியிருக்காது, இன்று இந்தப் பேச்சுக்கே இடமில்லை. போனது போகட்டும். மறுபடியும் அதுபோல ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அஞ்சலாட்சியை மாத்திரை தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். ஊறுகாயை நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துவிடப் போகிறாள். வேண்டும்.

அன்புடன்,
கண்ணையன்


மூலக்குளம்
21.2.2004

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பம்பைக் கழற்றி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

1990இல் நீங்கள் லீவில் வந்தீர்கள். காரை ஸ்டார்ட் செய்தோம், ஆகவில்லை. பம்பைப் பார்த்ததும் தெருவில் நின்று, "ஒரு தாள்ல எழுதிக் குடுத்தத செய்யத் தெரியல உனக்கு. உன் கையில குடுத்தது என் தப்பு" என்றீர்கள். எதிர்வீட்டு கோவிந்தசாமி அண்ணன் நின்றார், சிராஜுதீன் பாய் நின்றார், தண்ணி பிடிக்க வந்தவர்கள் நின்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றுதான் அழைப்பீர்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'உனக்கு' ஆனேன்.

அதுவரை இந்தத் தெருவில் மிக்சி நின்றாலும் மோட்டார் நின்றாலும் என் வாசலுக்குத்தான் வரும். சம்பளத்துக்குச் செய்ததில்லை, ஒரு ஆசைக்குச் செய்தேன். அந்த நாளுக்குப் பிறகு ஒரு இஸ்திரிப் பெட்டிகூட வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் வரவில்லை. கோவிந்தசாமி அண்ணன் தன் டேபிள் ஃபேனைத் துணி போட்டு மூடி, என் வாசலைத் தாண்டிக் கடைக்கு எடுத்துப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நீங்கள் கொடுத்த தாளை நான் தொலைக்கவில்லை. பீரோவில் ரேஷன் கார்டோடுதான் இருக்கிறது. நீங்கள் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"டாங்கிலும் பம்பிலும் உள்ள பழைய எசான்ஸை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடவும். பிறகு பம்பில் சுத்தமான பெத்ரோல் நிரப்பி மூடி வைக்கவும்."

உங்கள் வீட்டில் பெட்ரோலை எசான்ஸ் என்பீர்கள் என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டேன். பழையதை வடித்தேன். சைக்கிளில் பங்குக்குப் போய், கேனில் புதுப் பெட்ரோல் வாங்கிவந்து நிரப்பினேன். எழுதியபடிதான் செய்தேன். இதில் எதைத் தப்பாகச் செய்தேன் என்று சொல்லுங்கள். இத்தனை வருஷம் கேட்காததற்குக் காரணம், உங்களிடம் எனக்கு இருந்த நன்றிதான். அது இப்போதும் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

செல்வகுமார்


துலூஸ்
14.3.2004

என் அருமை மாப்பிள்ளை,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

உங்கள் கடிதம் வந்தபோது எனக்கும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. 'கிருஷ்ணாயில் ஊற்றி வை என்று நான் தெளிவாக எழுதியிருக்க, இவர் பெட்ரோலை ஊற்றிவிட்டு என்னையே கேட்கிறாரே' என்று உங்கள் அக்காவிடம் சத்தம் போட்டேன். அவள் காதில் வாங்காமல், "கூடம் சில்லுனு இருக்கு, அடுப்புக்கு ஊத்துங்க" என்றாள். இங்கே குளிருக்கு ஒரு எண்ணெய் அடுப்பு வைத்திருக்கிறோம். டப்பாவைத் தூக்கினேன். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா மாப்பிள்ளை? பெத்ரோல்.

பிரெஞ்சில் பெத்ரோல் என்றால் கிருஷ்ணாயில். விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றுகிறது. கார் ஓடுவது எசான்ஸில். பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவன் நான். அந்தத் தாளைத் தமிழில் எழுதினேன், ஆனால் நினைத்தது பிரெஞ்சில். உலகத்தில் எந்தத் தமிழன் அந்த வரியைப் படித்தாலும் நீங்கள் செய்ததைத்தான் செய்வான். புதுச்சேரியில் ஒரு குழந்தைகூட அதைக் கிருஷ்ணாயில் என்று படிக்காது. பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகிப் பிளஞ்சரை இறுக்கிவிட்டது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது. எழுத்தும் என்னுடையது, வார்த்தையும் என்னுடையது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மாப்பிள்ளை என்று இருப்பது நீங்கள் ஒருத்தர். உங்கள் பெயரை உங்கள் தெருவிலேயே கெடுத்துவிட்டு, அது தெரியாமல் இங்கே நான் நியாயம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தாள் கையில் இருந்தும் நீங்கள் அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே யாராவது ஒரு பிரெஞ்சு தெரிந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். அந்த மரியாதைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? மன்னித்துக்கொள்ளுங்கள். 'உனக்கு' என்று சொன்னதற்குத் தனியாக இன்னொரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள்.

பம்பை அனுப்ப வேண்டாம். திறங்கள். நீங்களே திறங்கள். என்னிடமுள்ள ரிப்பேர் புத்தகத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். பிரெஞ்சில்தான் இருக்கிறது, படங்கள் போதும். வார்த்தையை நம்ப வேண்டாம்!

உங்கள்,
கண்ணையன்


மூலக்குளம்
11.4.2004

அன்பு மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அஞ்சலாட்சிக்குப் படித்துக் காட்டினேன். பெத்ரோல் டப்பா வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிக்கு வருவதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று அடுப்பில் வைத்த சாம்பார் தீய்ந்தது. நான் அதையே ஊற்றிச் சாப்பிட்டேன்.

சிராஜுதீன் பாயிடம் சொன்னால், "ஒரு லிட்டர் கிருஷ்ணாயிலுக்கா பதினாலு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கினு இருந்தீங்க?" என்கிறார். மச்சான், எனக்கு இப்போது நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டது. மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தை எழுத வேண்டாம். எனக்குக் கேட்க வாயிருந்தது, நானும்தான் கேட்கவில்லை.

இனி வேலை விஷயம். புத்தகம் வந்து சேர்ந்தது. சரிதா படத்துக்குக் கீழே இருப்பதை அகராதி வைத்துப் படித்துச் சொன்னாள். 'பெத்ரோல்' வரும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கிருஷ்ணாயில் என்று எழுதிவிட்டாள். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறு காலை, பம்பைத் திறந்தேன். நாலு எவர்சில்வர் தட்டு, நாலு நம்பர். ஜோடி மாறாமல் ஒவ்வொன்றையும் அதனதன் தட்டில் வைக்கத் தயாராக இருந்தேன். ரேஷன் கிருஷ்ணாயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றி ஊறவைத்தேன். இந்த மாதம் எங்கள் வீட்டு ஸ்டவ்வுக்கு ஒரு சொட்டு இல்லை என்று உங்கள் தங்கை முறையிடுகிறாள்.

மூன்றாம் நாள் ஒன்றாம் நம்பர் அசைந்தது. விரலால் திருப்பியதும் தானாக வழுக்கி வந்தது. துடைத்தால் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. கம்பெனியில் எத்தனையோ லட்சம் சாமான் அளந்திருக்கிறேன், இத்தனை சுத்தமாகக் கடைந்த ஒன்றைப் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் இரண்டாம் நம்பர். ஒன்பதாம் நாள் மூன்றாம் நம்பர்.

நாலாம் நம்பர் வரவில்லை. ஊறவைத்துப் பார்த்தேன், வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை அசைந்துவிட்டு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் வரும் அல்லது உடையும். கையை எடுத்துவிட்டேன்.

இதைத் தனி ஆள் செய்ய முடியாது. ஒருவர் சுடச்சுட பம்பின் உடம்பை அணைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பிளஞ்சரைத் திருப்ப வேண்டும். பாய் பிடிக்கிறேன் என்று வந்து நின்றார். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வர வேண்டும் மச்சான். பதினாலு வருஷமாக இந்த வீட்டில் உங்கள் கால் படவில்லை. நாலாம் நம்பர் கிருஷ்ணாயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை,
செல்வகுமார்


துலூஸ்
2.5.2004

அன்பு மாப்பிள்ளை,

மூன்று பிளஞ்சர் வந்துவிட்டது என்று படித்ததும், உங்கள் அக்கா தூங்குகிறாள் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். உங்கள் கை தங்கக் கை. நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

நாலாம் நம்பரைப் பாயை வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். நான் வர முடியாது.

காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், தங்கைக்குத் தெரிய வேண்டாம். இரண்டு வருஷமாக என் வலது கை நடுங்குகிறது. டாக்டர் மாத்திரை கொடுக்கிறார், கொஞ்சம் குறைகிறது, நிற்கவில்லை. காப்பிக் கோப்பையை மேஜையை விட்டுத் தூக்க மாட்டேன். சட்டைக்கு அக்காதான் பொத்தான் போடுகிறாள். இந்தக் கடிதம் ஒழுங்காக இருக்கிறதென்றால், அவள் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

போர்தோவுக்கு அனுப்பச் சொன்னதும் இதனால்தான். என் கை நன்றாக இருந்திருந்தால், இங்கே என் மேஜையில் வைத்து நானே செய்திருப்பேன். உங்களைச் செய்ய விடுவதற்கு வெட்கப்பட்டேன். அது ஒரு வகைப் பொறாமை என்று இப்போது புரிகிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் பம்பைப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
கண்ணையன்


மூலக்குளம்
15.5.2004

அன்பு மச்சானுக்கு,

அஞ்சலாட்சியிடம் சொல்லவில்லை. அக்காவின் கையெழுத்து என்று நான் கண்டுபிடிக்கவும் இல்லை. உங்கள் எழுத்து திடீரென்று இவ்வளவு அழகானதே, வயதானால் எல்லாம் நேராகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கை நடுங்கினால் என்ன? விரலால் செய்ய வேண்டியது என் வேலை. நீங்கள் துண்டைச் சுற்றி, பம்பை மடியில் வைத்து அணைத்துக்கொண்டால் போதும். கை நடுங்குவது ஒரு வகையில் நல்லதுதான். தட்டினால் உடையும், திருகினால் உடையும், இறுகினது இளக ஒரு மெல்லிய அதிர்வு வேண்டும் என்று பாய் தலைகீழாக நின்று சொல்கிறார். அவருடைய கடையில் அதற்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மச்சான் வந்தால் மெஷின் எதற்கு?

கோபித்துக்கொள்ள வேண்டாம். சிரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூலையில் டிக்கெட் போடுங்கள். அக்காவையும் கூட்டி வாருங்கள்.

செல்வகுமார்


மூலக்குளம்
2.8.2004

அன்பு மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்த விவரம் போனில் தெரிந்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. மூன்று வாரம் நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் சரிதா துணி மடித்து வைத்திருக்கிறாள்.

உங்கள் கையைப் பற்றி அஞ்சலாட்சி என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த முதல் நாளே உங்களுக்குப் பெரிய சொம்பில் பாதியளவு காப்பி கொடுத்தாள், கவனித்தீர்களா? நாம்தான் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் நம்பரைப் பற்றி நீங்கள் போகும்போது முகம் வாடிப் போனது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மடியில் வைத்துப் பிடிக்க, அது எவ்வளவு அழகாக இளகி வந்தது! அந்தச் சந்தோஷம் எனக்குப் போதும். அதற்குப் பிறகு அது சிமெண்டுத் தரையில் விழுந்து முனை தெறித்தது, என் கை நழுவியதால்தானே? சத்தம் கேட்டு ஓடி வந்த அஞ்சலாட்சியிடமும் பாயிடமும் கோவிந்தசாமி அண்ணனிடமும் நான் அதைத்தான் சொன்னேன். கையில் கிருஷ்ணாயில், வழுக்கிவிட்டது. கோவிந்தசாமி அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கிவிட்டுப் போகட்டும்.

உங்கள் பேரில் ஒரு சொல் வரக்கூடாது. நாலில் மூன்று நல்லது, அது பெரிய காரியம். காரை மறுபடி போர்த்தி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்திருந்ததற்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள்,
செல்வகுமார்


துலூஸ்
22.8.2004

தங்கை அஞ்சலாட்சிக்கு,

உறையில் உன் பெயர் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. உள்ளே இருப்பது மாப்பிள்ளைக்கு எழுதியது. அவர் பெயரைப் போட்டால் படித்துவிட்டுப் பீரோவில் பூட்டிவிடுவார். அந்த மனுஷனின் பீரோவைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய். ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வை. சிராஜுதீன் பாயை வரச் சொல். எதிர்வீட்டு கோவிந்தசாமியைக் கூப்பிடு. தண்ணி பிடிக்க வருகிறவர்கள் இருந்தால் அவர்களும் நிற்கட்டும். பிறகு கீழே உள்ளதைச் சத்தமாகப் படி. கையெழுத்து கோணலாக இருக்கும். இதை மட்டும் உன் அண்ணியை எழுத விடாமல் நானே நாலு நாளாக எழுதுகிறேன்.

என் அருமை மாப்பிள்ளை,

என்னிடமேயா பொய்? தெருவிடம் சொன்னீர்கள், அது சரி. என் தங்கையிடம் சொன்னீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். அந்த அறையில் இருந்தது நாம் இரண்டு பேர், அதில் ஒருத்தன் நான். எனக்கே கடிதம் எழுதி என்னை நம்பவைக்கப் பார்க்கிறீர்களே! படித்துவிட்டு அழுதேன், பிறகு அக்கா பார்க்கிறாளே என்று சிரித்தேன்.

நீங்கள் அனுப்பிய ஊறுகாயில் பாதியை எடுத்துக்கொண்டு போர்தோ பக்கத்து மனிதரை நேரில் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். பெத்ரோல் கதையையும் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு உடைந்த பம்பை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு பிளஞ்சரையும் அதன் உறையையும் ஜோடியாகக் கழற்றிக் கொடுத்தார். என் மாப்பிள்ளை மற்ற மூன்று பிளஞ்சரையும் கீறல் இல்லாமல் எடுத்தார் என்றதும் அவர் நம்பவில்லை. ஜூலையில் நீங்கள் எடுத்துக் கொடுத்த பிளஞ்சர் போட்டோவைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இவர் எந்த வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார் என்று கேட்டார். மூலக்குளத்தில், கொட்டகையில் என்றேன். வருகிற வாரம் புதுச்சேரியில் சாரத்துக்கு வருகிற நம் சொந்தக்காரர் ஒருவரிடம் அந்த ஜோடியைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்களே போடுங்கள். திறக்கட்டுமா மூடட்டுமா என்று இனி என்னைக் கேட்டு எழுதக் கூடாது.

இப்போது எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990இல் நான் இந்த வாசலில் நின்று பேசியது அத்தனையும் தப்பு. அவர் நான் எழுதியதைத்தான் செய்தார், எழுதியவனுக்குத்தான் தெரியவில்லை. இந்த ஜூலையில் நாலாம் நம்பர் பிளஞ்சரை மாப்பிள்ளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். தொட வேண்டாம் என்று தெரிந்தும், ஆசை தாங்காமல் அதைத் தூக்கிப் பார்த்தது நான். கை நடுங்கித் தரையில் போட்டது நான். செல்வகுமாருடைய கை நழுவவில்லை. அந்தக் கை நழுவி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கோவிந்தசாமி, உங்கள் ஃபேனை அவரிடம் கொடுங்கள்.

கண்ணையன்